காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்

கிட்ட வந்து உட்காருடா பொன்னரு. அந்த ஓரத்தில் வெயில் ஏறிவிட்டது, உன் தோள் காய்கிறது பார். செத்தவனுக்கு வெயில் என்ன மழை என்ன என்று உன் அம்மா கேட்டால் கேட்டுக்கொண்டு போகட்டும், எனக்கு நீ நிழலில் இருக்கணும். இந்தப் புங்க மரத்தைச் சுற்றி நல்ல மேடையாகத்தான் கட்டிவிட்டிருக்கிறார்கள், உனக்கும் எனக்கும் தாராளமாகக் காணும். உன் பெண்டாட்டி சங்கவி பரிச்சை எழுத உள்ளே போய்விட்டாள். முதல் மணி அடித்தது, கேள்வித்தாள் கொடுக்கிற மணி அடித்தது, பேனா எடுக்கிற மணியும் அடித்தாயிற்று. இனி கடைசி மணி அடிக்கிற வரைக்கும் எனக்கு வேலை ஒன்றும் இல்லை, உட்கார்ந்திருப்பதுதான் வேலை. சும்மா உட்கார்ந்தால்தான் வருகிறது வினை. கண்ணை மூடினால் போதும், காதுக்குள் சங்கவி வாசிக்க ஆரம்பித்துவிடுகிறாள். ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து கல் ஒன்று தடையின்றி விழுகிறது, அது தரையை அடைய எடுத்துக்கொள்ளும் நேரம் யாது, காற்றின் தடையைப் புறக்கணிக்கவும். வருஷம் ஒன்றாக இந்தக் கல் நம் வீட்டில் விழுந்துகொண்டே இருக்கிறதடா. உன் அம்மா அடுப்படியில் இருந்து ஒருநாள் கத்தினாள், "யாரும்மா அவன், எந்நேரமும் மேல ஏறிக் கல்லப் போட்டுக்கிட்டு? அவனுக்கு வேற சோலி கெடையாதா?" சங்கவி சிரித்துவிட்டாள். நீ போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். உன் அம்மாவும் சிரித்தாள். பிறகு ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் என்னவோ ஞாபகம் வந்த மாதிரி வாய் மூடிக்கொண்டது. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்தக் கைடை வாங்கிக்கொண்டு வந்தவன் நீதான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, பெயிண்ட் கறையோடு, மஞ்சள் பையில். "இந்தாடி, ப்ளஸ் ஒன்ல இந்தப் பிசிக்ஸ் ஒண்ணை விட்டுட்டு வந்து என் கழுத்துல தொங்கிட்ட, இதை எழுதி முடி, நர்சு வேலைக்குப் படி, எனக்கு வயசான காலத்துல ஊசி போடு" என்றாய். வயசான காலம் என்றாய், வாயால் சொன்னாய். அந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். வயசான காலத்தைப் பற்றிப் பேசுகிறவன் அப்படிச் செய்வானா? செய்ய மாட்டான். செய்ய மாட்டான் என்று நூறு தடவை சொல்லிக்கொள்கிறேன், சொல்லி முடித்த கையோடு, நீ விழுந்த இடத்தில் நான் நிறுத்தின அந்தச் செங்கல் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. மூணாம் வகுப்போடு நின்றவன் நான், எனக்கு எழுத்து கை கொடுக்காது, காதுதான் கை கொடுக்கும். மார்க்கெட்டில் லாரி திரும்பும்போதே எந்தப் பக்கத்து ஸ்பிரிங் உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். சங்கவிக்கோ வாய்விட்டு வாசித்தால்தான் மண்டையில் ஏறும். ஆகப் பாடம் எல்லாம் எனக்கும் வந்துவிட்டது, வேண்டாத விருந்தாளி மாதிரி. விசை, உந்தம், ஆற்றல். உயரத்தில் ஏற்றி வைத்த பொருளுக்குள் ஒரு ஆற்றல் அடங்கிக் கிடக்குமாம், கீழே வரும்போதுதான் அது வெளியே தெரியுமாம். நிலை ஆற்றல் என்று பேர். என்னடா அடங்கிக் கிடந்தது உனக்குள்ளே? கடைசி மாதம் முழுக்க நீ சோற்றை அளைந்துகொண்டே இருந்தாய். "என்னப்பா, உடம்புக்கு என்ன?" என்றால், "ஒண்ணுமில்லப்பா, தின்னர் வாடை, வயித்தப் பொரட்டுது" என்பாய். நான் அந்தத் தின்னர் டப்பாவைத் திட்டினேன். டப்பாவைத் திட்டுவது சுலபம்.

"அண்ணே, நவுந்து உக்காருங்க, பைய வச்சுக்கறேன்." பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்காருகிறது. பேர் மெகராஜாம், கேட்காமலேயே சொல்லிவிட்டது. நான் உன்னை ஒட்டி நகர்ந்துகொண்டேன். "உங்களுக்குப் பொண்ணா, பேத்தியா?" என்கிறது. மருமக என்றேன். "மருமகளப் பரிச்சைக்குக் கூட்டியாந்து மரத்தடியில காவக் கெடக்குற மாமனார இப்பத்தான் பாக்குறேன். என் மாமனாரு என்னை மளிகைக் கடைக்கே அனுப்ப மாட்டாரு." பிறகு தன் தம்பி மகளைப் பற்றி ஆரம்பித்தது. "போனவாட்டியும் போச்சு, அதுக்கு முந்துனவாட்டியும் போச்சு. அவளுக்குப் பாடம் எடுத்த சாரே ரிட்டயர் ஆயிட்டாரு, இவ இன்னும் ரிட்டயர் ஆகல." எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. "மகன் வேலைக்குப் போயிருக்காரா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். பெயிண்டரா என்றது, ஆமாம் என்றேன். உயர வேலையா, ஆமாம். "பாத்து இருக்கச் சொல்லுங்கண்ணே" என்றது. சரி, சொல்றேன் என்றேன். சொல்லிவிட்டேன்டா, கேட்டாயா? பார்த்து இரு. அந்த அம்மா தஸ்பீஹ் மணியை எடுத்து உருட்ட ஆரம்பித்தது, ஒவ்வொரு மணியாக விரலில் இருந்து கீழே இறங்குகிறது. நூலில் கோத்தது, தள்ளிப் போகாது, நேராகக் கீழே.

நேராகக் கீழே வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், தள்ளி வந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும், அதுதான் சனியன். தர்பூசணி சீசனில் நான் லாரி மேல் நின்று பழம் வீசியவன். மேலே இருந்து ஒரு ஆள் வீசுவான், நடுவில் ஒரு ஆள் வாங்கித் திரும்ப வீசுவான், கடைசியில் குவியலுக்குப் பக்கத்தில் உன் அம்மா. நல்லம்மா கை என்றால் கை. பழம் அவள் கைக்குள் வந்து உட்காருமே தவிர மோதாது. கை தவறி நழுவின பழம் டயர் ஓரத்திலேயே விழுந்து உடையும். வீசின பழம்தான் தள்ளிப் போய் விழும். வீசிக் கெடுத்துவிட்டு "நழுவிருச்சுக்கா" என்று எந்தப் பயல் பொய் சொன்னாலும் உன் அம்மா உடைந்த பழத்தைப் பார்ப்பாள், லாரியைப் பார்ப்பாள். "டேய், நழுவுன பழத்துக்குக் காலா மொளச்சிச்சு, இம்புட்டுத் தூரம் நடந்து வர?" என்பாள். மார்க்கெட்டே சிரிக்கும். அவளிடம் அந்தப் பொய் செல்லாது, எந்தக் காலத்திலும் செல்லாது. நாளைக்கு உனக்கு வருஷம் திரும்புகிறது. நாளைக்கு உன் அம்மா அங்கே வருகிறாள்.

இத்தனை நாள் அவள் வந்ததில்லை. நீ விழுந்த இடத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் உன்னைப் பார்த்ததோடு சரி. மேஸ்திரி வந்து, பையன் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறிக் கயிறு கட்டினான், மழை பெய்து பாசி பிடித்திருந்தது, கால் வழுக்கிவிட்டது என்றான். போலீசும் அதைத்தான் எழுதிக்கொண்டது. உன் அம்மா அந்தப் பாசியைப் பிடித்துக்கொண்டாள். அவள் உயிர் அந்தப் பாசியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குளியலறைத் தரையில் கொஞ்சம் பச்சை கண்டாலும் உட்கார்ந்து தேங்காய் நாரை வைத்துத் தேய் தேய் என்று தேய்ப்பாள், "எம்புள்ளையத் தின்னது பத்தாதா, பத்தாதா" என்று. பாசியைத் திட்டித் திட்டித்தான் சோறு இறங்குகிறது அவளுக்கு. அமாவாசைக்கு அமாவாசை நானும் சங்கவியும் போவோம். அகாலமாகப் போனவன் உயிர் பிரிந்த இடத்தில் செங்கல் நிறுத்தி, மஞ்சள் பூசி, வருஷம் திரும்புகிற வரைக்கும் விளக்கு வைக்கணும் இல்லையா? இடம் இம்மி பிசகினாலும் வெளிச்சம் அவனுக்குச் சேராது என்பார்கள். நான்தான் வைத்தேன். நீ கிடந்த இடத்தில், உன் தலை இருந்த இடத்தில், கூட்டிப் பெருக்கி, ஈரம் காய்வதற்கு முன்னால். சரியாக வைக்கணுமே, பிள்ளைக்கு வெளிச்சம் சேரணுமே என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். கட்டடத்துச் சுவருக்கும் அந்தச் செங்கல்லுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. நடுவில் சாக்கடை மூடி, அதைத் தாண்டிச் செம்பருத்திச் செடி, அதையும் தாண்டி, ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில். நழுவின பழத்துக்குக் காலா முளைச்சது, பொன்னரு?

எதிர்க் கட்டடத்தில் டைல்ஸ் போட்டவன் ஒருத்தன் பார்த்தானாம். காடாற்றுக்கு வந்தபோது சொன்னான், "மொதல்ல பாத்தேங்கய்யா, சத்தம் பெறகுதான் வந்துச்சு." அதையே நாலு தடவை சொன்னான், அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை. எப்படிக் கிளம்பினான் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவனே சொன்னான், "பாதியிலதான் கண்ணு போச்சு." சங்கவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் போன பிறகு, "வெளிச்சம் முந்தி வரும் மாமா, சத்தம் பின்னாடிதான் வரும், அது அப்படித்தான்" என்றாள், யாருக்கோ பாடம் சொல்லுகிற மாதிரி. நான் தலையை ஆட்டினேன். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் வரவில்லைடா. வந்துகொண்டே இருக்கிறது. சில நாள் மத்தியானம் தூக்கத்தில் இதோ வந்துவிட்டது என்று எழுந்து உட்காருவேன், பார்த்தால் உன் அம்மா அம்மியில் குழவியை வைத்திருப்பாள்.

சங்கவிக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு எப்போது தெரிந்தது? அந்தக் கணக்குக்கு வந்தபோது. அதுவரைக்கும் கல் சும்மாதான் விழும். அன்றைக்குப் பாடம் மாறிவிட்டது. கிடைத்தளமாக எறியப்படும் பொருள். உயரமான கட்டடத்தின் உச்சியிலிருந்து எறியப்பட்ட பந்து, சுவரின் அடியிலிருந்து இத்தனை மீட்டர் தொலைவில் விழுகிறது எனில், அது புறப்பட்ட வேகம் யாது. சத்தமாக வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள், சத்தம் குறைந்தது. எனக்காகத்தான் விளக்கினாளோ தனக்காகத்தானோ, "சும்மா விட்டாலும், தள்ளி விட்டாலும், தரைக்கு வந்து சேர்ற நேரம் ஒண்ணுதான் மாமா. எங்க வந்து விழுதுங்கறதுதான் வித்தியாசம்" என்றாள். சொல்லி முடித்ததும் பென்சில் நின்றுவிட்டது. நான் கட்டிலில் படுத்தபடி முகட்டைப் பார்த்தேன். எனக்கு லாரி தெரிந்தது, டயர் தெரிந்தது, உடைந்த பழம் சிவப்பாகத் தெரிந்தது. அடுப்படியில் உன் அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். "என்ன, அவன் கல்லப் போட்டு முடிச்சுட்டானா, சத்தத்தையே காணோம்?" என்றாள். "முடிச்சுட்டான் அத்தை" என்றாள் சங்கவி. அடுத்த அமாவாசைக்குப் போனபோது விளக்கை ஏற்றிவிட்டு அவள் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தாள், செங்கல்லைப் பார்த்தாள், சுவரடியில் இருந்து செங்கல் வரைக்கும் அடி மேல் அடி வைத்து நடந்தாள், கோயிலில் அடிப்பிரதட்சிணம் வருகிற மாதிரி. உதடு அசைந்தது. நான் திரி தூண்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை அவள் வாய்விட்டு வாசித்ததே இல்லை. மற்றதெல்லாம் வாசிப்பாள், அதை மட்டும் உதட்டுக்குள். உதட்டுக்குள் வாசித்தால் எனக்குக் கேட்காது என்று நினைத்தாளோ? எனக்கு அதுதான்டா ரொம்பப் பலமாகக் கேட்டது.

தண்ணீர் கொண்டு போகிற ஆயா வாளியோடு வராந்தாவில் போகிறாள். வாளி ஒரு பக்கம் இழுக்கிறது, அவள் உடம்பு மறு பக்கம் சாய்கிறது. நீ ஒன்றைத் தள்ளினால் அது உன்னையும் அதே பலத்தோடு திருப்பித் தள்ளும், மூன்றாம் விதி. சுவரைத் தள்ளினால் சுவர் தள்ளும். கைப்பிடிச் சுவரை நீ காலால் தள்ளினாயா, பொன்னரு? இல்லை வழுக்கின கால் உதைத்துக்கொண்டதா? பதறின கால் உதைக்காதா? பாசியில் வழுக்கினவன் கையைக் காலை வீச மாட்டானா? அந்த உதையில் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாமே? கொஞ்சம் போகலாம். சாக்கடை மூடி வரைக்கும் போகலாம். செம்பருத்தி வரைக்கும் கூட வா என்று உன்னை இழுத்துப் பார்க்கிறேன். அதற்கு மேல் நீ வர மாட்டேன் என்கிறாய். அன்றைக்குக் காற்று அடித்ததா என்றும் கேட்டுப் பார்த்தேன், அந்த மேஸ்திரியிடமே கேட்டேன். "நல்ல காத்து இருந்துச்சாய்யா அன்னிக்கு?" அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "இலை அசையல பெரியவரே" என்றான். அப்புறம் யார்தான் இந்தப் புத்தகத்தில் காற்றைப் புறக்கணிக்கச் சொன்னது, எனக்கென்று மிச்சம் இருந்தது அந்தக் காற்று ஒன்றுதானே. ஏன் என்று கேட்க மாட்டேன்டா. கேட்க வேண்டியவன் கேட்க வேண்டிய நாளில் டப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். நழுவினாயா என்று மட்டும் சொல். ஆமாம் என்று சொன்னால் போதும். பொய்யாகவாவது சொல்.

நேற்றுச் சாயங்காலம் உன் அம்மா பித்தளை விளக்கைப் புளி போட்டு விளக்கினாள். "வருசத்துக்கு நானே வந்து என் கையால வெளக்கு வைக்கிறேன், அதோட செங்கல்லக் கொண்டுபோய் ஆத்துல விட்ரலாம்" என்றாள். வேண்டாம் நல்லம்மா, நீ தாங்க மாட்டே என்றேன். படி ஏற முடியாது என்றேன், படியே இல்லாத இடத்துக்கு. வெயில் என்றேன், நாய் கிடக்கிறது என்றேன். "நாயி என்னைக் கடிச்சா அதுக்குத்தான் ஊசி போடணும்" என்றாள். அவள் தீர்மானம் பண்ணிவிட்டாள். அவளுக்கு எண் தெரியாது, மீட்டர் தெரியாது. அவள் கண் போதும். ஒரு தடவை மேலே பார்ப்பாள், ஒரு தடவை கீழே பார்ப்பாள். அதற்குப் பிறகு அவள் எதைத் திட்டிச் சோறு தின்பாள்? இன்றைக்குக் காலையில் பஸ்ஸில் வரும்போது சங்கவி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "பரிச்சை முடிஞ்சு அங்க போயிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும் மாமா, நீங்களும் வாங்க" என்றாள். எதுக்கும்மா, நாளைக்குத்தானே போறோம் என்றேன். "இன்னிக்கே போகணும்" என்றாள். அவ்வளவுதான், திரும்பவில்லை. அதைத்தான் காலையில் இருந்து மென்றுகொண்டிருக்கிறேன். சொல்லப் போகிறாள். மாமா, உங்க மகன் விழல என்று சொல்லப் போகிறாள். அத்தைகிட்டயும் சொல்லிருவோம், எத்தனை நாளைக்கு மறைக்கறது என்பாள். படித்த பிள்ளை, சரியான விடையை எழுதாமல் இருக்க மாட்டாள். அவள் பாஸாகணும் என்று மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்த நானே, அந்தக் கணக்கு மட்டும் அவளுக்குத் தப்பாகப் போகட்டும் என்று இந்த மரத்தடியில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன். நாக்கு அழுகாதா எனக்கு.

மணி அடித்துவிட்டது. எழுந்திருடா. பிள்ளைகள் கூட்டமாக வருகின்றன. மெகராஜம்மா எக்கி எக்கிப் பார்த்துத் தம்பி மகளைப் பிடித்துவிட்டது. "எப்படிடி?" "மாமி, கட்டாய வினா காலை வாரிருச்சு." "உனக்கு எது வாரல?" சங்கவி கடைசியாக வந்தாள். கை முழுக்க மை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைத் தேடினாள். எப்படிம்மா என்றேன். "மத்த கேள்விய எல்லாம் விட்டுட்டு வேற எழுதலாம் மாமா. இதை விட முடியாது, கட்டாயமா எழுதணும்னு போட்டிருந்துச்சு. அந்தக் கணக்குதான்." பஸ் ஸ்டாப் வரைக்கும் செருப்புச் சத்தம்தான். நீ எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் நடந்து வந்தாய். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டேன், எழுதினியாம்மா? "எழுதினேன். எல்லாப் படியும் எழுதினேன். விடை சரியாத்தான் வந்துச்சு." ஹால் டிக்கெட்டை நாலாக மடித்துவிட்டு, "அது பேப்பர்ல மாமா" என்றாள்.

கட்டடத்தில் இப்போது குடி வந்துவிட்டார்கள். நாலாவது மாடியில் யாரோ போர்வை உலர்த்தியிருக்கிறார்கள். வாட்ச்மேன் எங்களைப் பார்த்துவிட்டு, "நாளைக்குத்தானே வருசம்?" என்றான். "அத்தை வர்றாங்க, அதான் எடத்தச் சுத்தம் பண்ணிட்டுப் போலாம்னு" என்றாள் சங்கவி. ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில் உன் செங்கல் நின்றது, மஞ்சள் வெளுத்து, எண்ணெய் வழிந்து கறுத்து. செம்பருத்திக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். இப்போது சொல்லப் போகிறாள், இப்போது, என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் ஹால் டிக்கெட்டை இடுப்பில் செருகினாள். முந்தானையை இழுத்துக் கட்டினாள். அண்ணாந்து அந்தக் கைப்பிடிச் சுவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து செங்கல்லை ரெண்டு கையாலும், தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் இருந்து தூக்குகிற மாதிரி தூக்கினாள். செம்பருத்தியைத் தாண்டினாள். சாக்கடை மூடியைத் தாண்டினாள். என்னைத் தாண்டிப் போகும்போது மூச்சு மட்டும் கேட்டது. சுவரை ஒட்டி, நழுவின பழம் விழுகிற இடத்தில், மண்ணைக் கையால் பறித்து அதை நிறுத்தி, சுற்றிலும் அழுத்தினாள். திரும்பி நடந்து வந்தாள். பழைய இடத்தில் எண்ணெய்க் கறை கறுப்பாக வட்டமாகக் கிடந்தது. ஷெட்டு ஓரத்தில் குவிந்திருந்த மணலில் மடி நிறைய அள்ளிவந்து அதன் மேல் கொட்டினாள். மை பட்ட விரலால் பரப்பினாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று, அது தரையோடு தரையாகிற வரைக்கும் வெறுங்காலால் மிதித்தாள்.